ஓடி வாயேன் ரங்கா

நான் பாட்டு எழுதுகிறவள் என்று சொன்னால், எந்தப் படத்துக்கு என்று கேட்பார்கள். பேச்சு போனவர்களுக்கு என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். என் முதல் பாட்டு ஒண்ணுக்குப் போவதைப் பற்றியது என்பதை நான் அவர்களிடம் சொல்வதே இல்லை.

அப்போது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்ஷாப்பில் வேலை, சனிக்கிழமையானால் பஜனை. எடுத்துக் கொடுக்கிற குரல் அவருடையது. அவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். பக்கவாதம் வந்து அந்த வாயில் "அது... அது..." மட்டும் மிஞ்சியது. ஆனால் கோயில் ஸ்பீக்கரில் பஜனை கேட்டால் போதும், ஒரு சொல் பிசகாமல் கூடவே பாடுவார். பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு இருக்கிற இடம் வேறு என்றார் டாக்டர். நான் அப்பாவின் வாயைத் திறந்து பார்த்தேன். எனக்கு ஒரே இடமாகத்தான் தெரிந்தது.

"எல்லாம் பெருமாள் செயல்" என்று அம்மா சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்விடுவாள். அப்பாவுக்கு நான் காவல். அவருக்கு ஒண்ணுக்கு வந்தால் சொல்லத் தெரியாது. "அது" என்பார். நான் தண்ணீர் கொண்டு ஓடுவேன், விசிறி கொண்டு ஓடுவேன், அதற்குள் வேட்டி நனைந்துவிடும். அவ்வளவு பெரிய ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவார்.

அதனால்தான் அவருடைய பஜனை மெட்டிலேயே ஒரு பாட்டுக் கட்டினேன்.

"ஒண்ணுக்குப் போகணும் ரங்கா ரங்கா, ஓடி வாயேன் ரங்கா ரங்கா."

ரங்கனை எடுத்துவிட்டால் அப்பாவுக்குப் பாட்டு தொடங்கவே மாட்டேன் என்றது. சாமியை இதில் இழுத்த பாவம் எழுதிய எனக்கா, பாடுகிற அப்பாவுக்கா என்று குழப்பமாக இருந்தது. அம்மாவிடம் கேட்டால் முதுகு பழுத்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கும் மெல்லப் படிந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைக்காரர்கள் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். அம்மாவும் கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள். "அண்ணே, ஒரே ஒரு வரி எடுத்துக் குடுங்கண்ணே" என்றார் மிருதங்கக்காரர். அப்பா திருதிருவென்று விழித்தார். பிறகு கணீரென்று எடுத்தார்.

"ஒண்ணுக்குப் போகணும் ரங்கா ரங்கா!"

பழக்கதோஷம். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஜால்ராவோடு திருப்பிப் பாடினார்கள். அப்பா அவசரத்தில் குரலை உயர்த்தினார். அவர்களும் பக்தி முற்றி உயர்த்தினார்கள். அடக் கடவுளே! யாராவது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாதா? ஓடிப்போய் அவரை எழுப்பிக் கூட்டிப்போனவள் அம்மாதான்.

வேட்டி நனையாமல் திரும்பி வந்த அப்பா, படுத்ததிலிருந்து முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நான் கதவுக்குப் பின்னால் அடிக்குக் காத்திருந்தேன்.

அடி விழவில்லை. எல்லோரும் போன பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு இன்னொரு வரி எழுதிக் குடுடி. 'நீ சாப்ட்டியா'ன்னு."

"யாரைக் கேக்க?"

"என்னைத்தான்."

"பசிச்சா நீயே போட்டுச் சாப்பிடலாம்லம்மா? அப்பா எதுக்குக் கேக்கணும்?"

"எழுதுன்னா எழுதேன்டி."

ஒண்ணுக்கு என்றாலாவது ஓர் அவசரம் உண்டு. இதற்கெல்லாமா பாட்டு என்று முணுமுணுத்தபடிதான் எழுதினேன். அப்பாவுக்கு இது சீக்கிரமே படிந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, நான் சொல்லாமலே பாடினார்.

"நீயும் சாப்ட்டியா ரங்கா ரங்கா?"

அம்மா அப்படியே நின்றாள். "ஆச்சுங்க. வயிறு நெறஞ்சிருச்சுங்க" என்றாள்.

உலையில் அப்போதுதான் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. சாமி மெட்டில் கேட்டதற்கே இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறாளே, இந்தப் பாவம் யார் கணக்கில் சேரும் என்று நான் வெகுநேரம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.