பின் சக்கரத்தின் சூடு

என் எடை எழுபத்தெட்டு கிலோ. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன் என்றால், என் கணவர் இதை ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் என்பதுதான் காரணம். கே.கே. நகரில் எங்கள் தெருவில் துணி தேய்க்கிறவருக்குக்கூட என் எடை தெரியும். ஒரு பழைய கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்ற ஆராய்ச்சியில் அது வெளியே வந்தது.

கார் வாங்கிப் பதினேழு வருடமாகிறது. அவருக்குத் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. அங்கே பக்கத்து மேஜைக்காரரிடமும் இதே கார், இதே வயதில் இருக்கிறது. தன் வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கிறது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது அவர் சொல்லிவிட்டார். எங்கள் வண்டி கொடுத்தது பதினொன்று. பெட்ரோல் போட முடியாத வீடு இல்லை எங்களுடையது. ஆனால் அந்த ஏழு கிலோமீட்டர் இவரை அரித்துத் தின்றது. பதவி உயர்வில் அதே மனிதர் இவரை முந்திப் போனபோதுகூட இவ்வளவு புழுங்கவில்லை.

மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றேன். மெக்கானிக்குகள் எல்லாம் திருடர்கள் என்றார். அவருடைய குரு செல்போனுக்குள் இருந்தார். பாரத்தைக் குறைத்தால் மைலேஜ் கூடும் என்று அந்தக் குரு ஒரு வீடியோவில் சொல்ல, இவர் வண்டியைக் காலி செய்ய ஆரம்பித்தார். ஸ்டெப்னி போனது. ஜாக்கி போனது. மிதியடிகள், என் குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் போயின, கடைசியில் டாஷ்போர்டிலிருந்த உள்ளங்கையளவு பிள்ளையாரும் பூஜையறைக்கு வந்து சேர்ந்தார். பின் சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டார். அதில் ஒரு பூனை குட்டி போட்டது. டயரில் காற்றை அடைத்த அடைப்பில் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் பல் ஆடியது. நாற்பதுக்கு மேல் போவதில்லை, ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் என்பதால் அதுவும் கிடையாது. மதுரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பேரும் வெந்துகொண்டே போவோம். வண்டி பதினொன்றை விட்டு அசையவில்லை.

ஆவணியில் என் நாத்தனார் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. மேலூர் தாண்டி உள்ளே போகிற கிராமம். போய் இறங்கி, டிக்கியிலிருந்து பழப்பையை எடுக்கக் குனிந்தபோது இடது பின் சக்கரத்திலிருந்து காலில் அனல் அடித்தது. கருகல் வாடையும் இருந்தது. என் அப்பா லாரி ஓட்டியவர். வண்டியை எங்கே நிறுத்தினாலும், டீ குடிக்கப் போகும் முன் ஒவ்வொரு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒன்று மட்டும் சுட்டால், அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். நான்கையும் தொட்டுப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன, நாலாவதில் கை வைக்க முடியவில்லை. தொலைந்த ஏழு கிலோமீட்டர் அங்கேதான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சொல்லலாம் என்று உள்ளே போனேன். சந்தோஷமாகத்தான் போனேன்.

பந்தியில் நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனாரின் மருமகன் காரைப் பற்றி ஏதோ கேட்க, இவர் கழற்றியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து முகவாயை அசைத்தார்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு மாப்ள. கழட்ட முடியாத பாரம் ஒண்ணுதான் மிச்சம். எழுபத்தெட்டு கிலோ."

பந்தி முழுக்கச் சிரித்தது. நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் என் கணவர் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன். அப்போதும் சக்கரத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று நினைக்கவில்லை. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய பேச்செல்லாம் கேட்டவள்தான் நான்.

திரும்பும்போது மேலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டியை ஓரங்கட்டினார். நான் சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எறங்கி பஸ்ல வந்துரு. நீ இல்லாம எம்புட்டு குடுக்குதுன்னு ஒரு தடவ பாத்துட்டா தெரிஞ்சுபோகும்."

விளையாட்டு இல்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பட்டுப்புடவையோடு இறங்கினேன். கதவைச் சாத்தப் போனபோது, காலடியில் இருந்த பலகாரப் பையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு மாட்டுத்தாவணி வரைக்கும் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். வீட்டில் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து, பன்னிரண்டு கொடுத்தது என்றார். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. அந்த ஒரு கிலோமீட்டர் நான்.

அதன் பிறகு நாத்தனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் காரில் போவார், நான் பஸ்ஸில் போவேன். அவர் கால் மணி நேரம் முன்னால் கிளம்புவார். நாற்பதில் ஊர்ந்துகொண்டிருக்கிறவரை வழியில் எங்கேயாவது என் பஸ் முந்தும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் வியர்வை வழிய, நேரே பார்த்தபடி இருப்பார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டு பார்ப்பேன். அவர் வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், மெதுவாகப் போய்ப் பின் சக்கரத்தில் புறங்கையை வைப்பேன். சுடும். நிம்மதியாகத் திரும்பி வருவேன்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். சொல்லாததற்கு ஆத்திரம்தான் காரணம், அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் காலைச் சாப்பாட்டை நிறுத்தித் தன் எடையையும் குறைத்தார், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஓட்டினார். எல்லாவற்றையும் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். விடாமல் பிடிக்கிற பிரேக் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பிடிக்காமலே போகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒன்பது மாதம் சும்மா இருந்தேன்.

கத்திரி வெயில் நாளில் நாத்தனார் வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. ஒத்தக்கடை தாண்டி, நரசிங்கம்பட்டி பக்கம் பஸ் போகும்போது எங்கள் கார் சாலையோரம் நின்றுகொண்டிருந்தது. அவர் தரையில், முன் கதவில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தலை ஒரு பக்கம் தொங்கியது. இதெல்லாம் ஒரு நொடியில் கண்ணில் பட்டது. கண்டக்டர் இரண்டு சீட் தள்ளித்தான் நின்றார். நிறுத்தச் சொன்னால் நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. பாரம் எதற்கு, அவர் சோதனை கெட்டுவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பஸ் போய்விட்டது. மேலூரில் மதுரைக்குத் திரும்பும் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து நாத்தனார் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் போனிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் பேசினார். ஆள் வெயிலில் மயங்கிக் கிடந்ததாகவும், தலையில் தண்ணீர் ஊற்றி மேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னார். இன்னும் அரை மணி நேரம் கிடந்திருந்தால் தேறியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை நான் பிடித்தபோது அவர் கண்ணைத் திறந்து கேட்டது, "வண்டி எங்க?" என்றுதான். நான் ஓவென்று அழுதேன். கணவன் பிழைத்ததற்காக அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வண்டியை டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். மூன்று நாள் கழித்து எடுக்கப் போனோம். மெக்கானிக் ஒரு தேய்ந்த பிரேக் தகட்டைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார்.

"ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிச்சு, விட்டாலும் விடாம இழுத்துக்கிட்டே இருந்திருக்குண்ணே. இன்னும் பத்து நாள் போயிருந்தா பிரேக்கே பிடிச்சிருக்காது. சக்கரத்தத் தொட்டாலே கையச் சுட்டிருக்குமே, வீட்ல ஒருத்தரும் தொட்டுப் பாக்கலையா?"

இவர் தகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முன் கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னார். மேலூர் எல்லை தாண்டியதும் கேட்டார்.

"நீ லாரிக்காரர் மக. உனக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டீகள்ல, அன்னைக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

நரசிங்கம்பட்டி வந்தது. அவர் விழுந்து கிடந்த இடத்தை வண்டி மெதுவாகக் கடந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மிகச் சாதாரணமான குரலில் அடுத்ததைக் கேட்டார்.

"அன்னைக்கு உன் பஸ்ஸும் இந்த வழியாத்தான வந்திருக்கும். என்னையப் பாக்கலையா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது.

"பாத்தேன்," என்றேன்.

அவர் ஏசியைப் போட்டார். வீடு வரும்வரை அது ஓடியது.

இப்போது வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கிறது. அதை அவர் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பின் சீட்டு திரும்ப வந்துவிட்டது, பிள்ளையாரும் வந்துவிட்டார். எங்கே போனாலும் என்னை முன் சீட்டில் உட்காரவைத்துத்தான் கூட்டிப் போகிறார். இந்த வயதில் எவ்வளவு அன்பு என்று நாத்தனார் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். போய்ச் சேர்ந்து இன்ஜினை அணைத்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "வேற எதுவும் இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்பேன். சரியென்று தலையாட்டுவார். பிறகு இறங்கிப் போய், நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.