முழுக்கத் திறக்காத திருகு

ஜெனிவால்டோவைத் தங்கமான மனுஷன் என்று சொல்கிறவர்கள் யாரும் அவனிடம் வேலை பார்த்தவர்கள் இல்லை. அவன் தங்கை லூசிவானி பார்த்திருக்கிறாள். அதனால்தான் குவாமா பேட்டையில் அவன் ஒரு பக்கம் வந்தால் அவள் மறுபக்கம் நடப்பாள்.

'போராக்கே' அவனுடைய ஒலிபெருக்கி செட். ஆற்றில் ஷாக் அடிக்கும் மீனின் பெயர் அது. இரண்டு மாடி உயரத்துக்கு ஸ்பீக்கர் சுவர், நடுவே மீன் தலை போல ஒரு கூண்டு. அந்தக் கூண்டுக்குள் நின்று பாட்டுப் போடுகிறவன் ஜெனிவால்டோ. ஆட்டம் சூடு பிடித்ததும் கூண்டு புகையோடு மேலே எழும்பும். அப்போது அவன் மைக்கைப் பிடித்துப் பெயர்களை அழைப்பான். பிறந்தநாள்காரன், மீன் விற்கிறவள், அதிகம் பீர் வாங்கிய மேஜைக்காரர்கள், பஸ் டிரைவர் என்று ஒருத்தரையும் விடமாட்டான். அந்த மைக்கில் பெயர் விழுந்தவர் ஒரு வாரத்துக்குத் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். லூசிவானியின் பெயர் மட்டும் ஒருநாளும் விழுந்ததில்லை. கூண்டு எழும்பும்போது கேட்கிற அந்தச் சத்தமே அவள் செய்ததுதான் என்பது வேறு விஷயம்.

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, அந்த மைக்கில், தன் பெயர். கேட்டு வாங்கக் கூடாது, அவனாகச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வீம்பு.

செல்போன் ரிப்பேர் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பாடகர்களுக்குக் கம்ப்யூட்டரில் புதுப் புது வாத்தியச் சத்தங்கள் செய்து கொடுப்பது அவள் தொழில். எல்லாரும் திருட்டு மென்பொருளைப் போட்டு அதிலேயே திருப்தியாக இருந்தார்கள். அவளுக்கு அதிலிருந்த ஃபில்டர்கள் பிடிக்கவில்லை. சத்தத்தில் எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று முடிவு செய்வது ஃபில்டர். ஒருவகை கனத்த அடிச்சத்தத்தை விட்டுக் கூர்மையை நிறுத்தும். இன்னொன்று கூர்மையை விட்டுக் கனத்தை நிறுத்தும். மூன்றாவது நடுவில் ஒரு துண்டை மட்டும் விடும். எந்த இடத்தில் நிறுத்துவது, அங்கே சட்டென்று வெட்டுவதா, சரிவாக இறக்குவதா, அந்த விளிம்பில் இருப்பதை எவ்வளவு தூக்கிக் காட்டுவது, எல்லாம் செய்கிறவர் கையில்தான் இருக்கிறது. அந்த மென்பொருளில் இருந்த ஃபில்டர்கள் எல்லாம் விளிம்பில் வழவழவென்று இருந்தன. அவளுக்குப் பல் கூச வேண்டும்.

அதனால் தானே எழுதினாள். வெளியே போகும் சத்தத்தில் கொஞ்சத்தை எடுத்து, ஒரு நொடித் துளி தாமதமாக மறுபடி உள்ளே விட்டாள். அந்தத் தாமதத்தில்தான் அவள் தேடிய புளிப்பு வந்தது. கூடவே ஒரு ஆபத்தும் வந்தது. ஃபில்டரைக் கூட்டிக் குறைக்கிற திருகை ஓர் அளவுக்கு மேல் திறந்தால், திரும்பி வருகிற சத்தம் குறையாமல் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி வெடிக்கும். வெடிக்காத மாதிரியும் எழுதிப் பார்த்தாள். அது உப்பில்லாத குழம்பாக இருந்தது. கடைசியில் ஆபத்து தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே திருகு நின்றுவிடும்படி ஒரு வரியைச் சேர்த்தாள்.

ஜெனிவால்டோவுக்கு அது பொறுக்கவில்லை. கூண்டு உச்சிக்குப் போகும்போது சத்தமும் உச்சிக்குப் போக வேண்டாமா என்று கேட்டான். ஏன் கூடாது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவனுக்கு அவர்கள் சிரிக்க வேண்டும்.

"உன் திருகு பாதியிலயே நின்னுடுது தங்கச்சி. உன் கல்யாணம் மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் காரணத்தைச் சொல்லாமலே கிளம்பிப் போனாள். அதற்கப்புறம் அவனிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அக்டோபரில் மாதாவின் சீரியோ திருநாள் வந்தது. அன்றைக்கு மட்டும் பகையை வாசலில் விட்டுவிட்டுக் குடும்பம் மொத்தமும் ஒரே மேஜையில் வாத்துக் கறி சாப்பிட வேண்டும். மாதாவுக்குப் பயந்து லூசிவானியும் அவனை வீட்டுக்கு அழைத்தாள். அவள் அடுப்படியில் மரவள்ளிச் சாற்றில் செய்த துக்குப்பிக் குழம்பை அகப்பையால் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் யாருக்கும் தராமல், சத்தத்தை மட்டும் பதிந்து கொடுத்துவந்த ஃபில்டரை அவன் அவள் கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டான். சாப்பிட்டுவிட்டு அவள் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுத்தான் போனான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், ஊத்தேய்ரோ மணற்கரையில் போராக்கேயின் ஆட்டம். லூசிவானி ஓரத்து மேஜையில் பொரித்த மீனும் அசாயிப் பழக் கூழும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செட்டின் டெக்னீஷியன் ஓதிர்லேய் அவளைத் தேடி வந்தான். நாற்பது வயதுக்காரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஜெனிவால்டோவுக்குப் பயந்தவன். வந்தவன் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"அக்கா, உங்க ஃபில்டர்ல ஒரு வரி திருகை நிறுத்துதே. அண்ணன் எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டேன். டெஸ்ட் பண்ணவும் நேரம் குடுக்கல. அது எதுக்கு இருந்துச்சு?"

அவளுக்குத் திருட்டு அப்போதுதான் தெரிந்தது. காது சுட்டது. ஆனாலும் வேறொன்றைத்தான் கேட்டாள்.

"மைக்குல யார் செஞ்சதுன்னு சொல்லப் போறான்?"

ஓதிர்லேய் மணலைப் பார்த்தான். "தானே கண்டுபிடிச்சதா சொல்லப் போறாரு."

அவள் மீனில் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"அந்த வரியா? சும்மாதான் போட்டேன்."

அவன் நம்பிவிட்டான். போகும்போது நன்றி வேறு சொன்னான்.  கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

புகை கிளம்பியது, கூண்டு எழும்பியது. இன்றைக்குத் தன் கையாலேயே செய்த புதுச் சத்தம் என்று ஜெனிவால்டோ முழங்கினான். கூட்டம் கைகளைத் தூக்கியது. அடிச்சத்தத்திலிருந்து அவள் புளிப்பு மெல்லத் திறந்து மேலே ஏறியது. வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டியது. அடுத்த நொடி, இரும்புத் தகட்டைக் காதுக்குள் விட்டுக் கிழித்த மாதிரி ஒரு கீச்சு. ஆட்டம் போட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். அதிகச் சத்தத்தைத் தடுக்கும் பெட்டியை, போதவில்லை என்று அவனே எப்போதோ கழற்றி வைத்திருந்தான். கூர்மையைப் பாடுகிற சின்ன ஸ்பீக்கர்கள் வரிசையாகக் கருகின. ரப்பர் தீய்ந்த நாற்றம் கரை முழுக்கப் பரவியது.

லூசிவானிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும். ஜெனிவால்டோ கூண்டை விட்டு இறங்கி வந்து எல்லார் முன்னாலும் ஓதிர்லேயின் சட்டையைப் பிடித்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அவள் குறிவைத்தது ஓதிர்லேயை அல்ல. ஓதிர்லேய் கையை நீட்டி அவள் மேஜையைக் காட்டினான். உண்மையைத்தான் காட்டினான்.

ஜெனிவால்டோ மறுபடி மைக்கை எடுத்தான். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். இதைச் செய்தவள் தன் தங்கைதான், வேண்டுமென்றே செய்தாள், அவள் பெயரை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பெயரை மூன்று தடவை இழுத்துச் சொன்னான். அவன் வாயசைவில் அவள் அதைப் படித்தாள். ஆனால் மிச்சமிருந்தது கனத்த ஸ்பீக்கர்கள் மட்டும். அவற்றில் கூர்மை வராது. தலையணையை வாயில் வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு முனகல்தான் வந்தது. எத்தனையோ வருஷம் காத்திருந்த பெயர் மைக்கில் விழுந்துவிட்டது, கரையில் இருந்த ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

பக்கத்து மேஜைக்காரி காதைத் தேய்த்துக்கொண்டே லூசிவானி பக்கம் சாய்ந்தாள்.

"என்ன உளறுறான் இவன்? யாரைத் திட்டுறான்?"

தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் ஓதிர்லேய் கிழிந்த சட்டையோடு ஒயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தான். லூசிவானி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னையத்தான். என் பேரு லூசிவானி. அந்தச் சத்தம் என்னோடது, இப்ப வெடிச்சதும் நான் பண்ணினதுதான். போய் எல்லார்கிட்டயும் சொல்லு."