பச்சையை நம்பாத யூசுப் பாய்

யூசுப் பாய் தவறிவிட்டார் என்று அலுவலக வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருவதில் பாதி புரளி. நேராக அவர் எண்ணுக்கே அழைத்தேன். அவருடைய மச்சான் எடுத்தார்.

"உண்மைதான் தம்பி. காலையில நெஞ்சு வலின்னாரு, அம்புட்டுத்தான். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். கோரிப்பாளையம் வந்துருங்க."

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், விசாரிக்காமல் நம்பியிருந்தால் பாயே என்னைத் திட்டியிருப்பார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்காக நாங்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அழைப்பவர் சொல்லும் முகவரியை, எழுதிவைத்த மாதிரிகளோடு பொருத்திப் பார்த்து, எந்த நிலையத்து வண்டி போக வேண்டும் என்று அது முடிவு செய்யும். ஒரே முகவரிக்கு இரண்டு மாதிரிகள் பொருந்தலாம். 'அவனியாபுரம்' என்று தொடங்குவது ஒன்று, 'அவனியாபுரம் பைபாஸ்' என்று தொடங்குவது இன்னொன்று. இடத்தை நெருக்கமாகக் குறிப்பதுதான் முந்த வேண்டும். அந்த வரிசைப்படுத்தலை எழுதியது நான். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளையும் நானே எழுதி ஓட்டினேன். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. திரை முழுக்கப் பச்சையாக இருந்தது.

சரிபார்க்க வந்த பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம்புட்டு டெஸ்ட் மாப்ள? எல்லாமே மொதத் தடவையே பாஸா? எங்கயோ இடிக்குதே."

எனக்குச் சுர்ரென்றது. மறுநாள் ஒப்படைக்காவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அது தெரிந்தும், என் பெயர் கெடட்டும் என்றே இந்த மனிதர் இழுத்தடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன்.

அவர் வரிசைப்படுத்தும் வரியையே அழித்துவிட்டு டெஸ்டை ஓட்டினார். அப்போதும் பச்சை! டெஸ்டுக்குக் கொடுத்த மாதிரிகளை நானே சரியான வரிசையில் எழுதிவைத்திருந்தேன். நான் எழுதிய கோட், அதாவது நிரல், ஒரு வேலையும் செய்யாமலே தேறிக்கொண்டிருந்தது. வரியைத் திரும்பப் போட்டு, மாதிரிகளின் வரிசையைக் கலைத்து, புதிதாகச் சில முகவரிகளையும் சேர்த்து ஓட்டினார். சிவப்பு. நீளமான மாதிரிதான் நெருக்கமானது என்று என் கோட் கணக்குப் போட்டிருந்தது. 'திருவாதவூர்' என்று தொடங்கும் சின்ன மாதிரியை, எந்த ஊருக்கும் பொருந்துகிற 'பேருந்து நிலையம் அருகில்' என்ற பெரிய மாதிரி முந்திவிட்டது. அதன்படி திருவாதவூருக்கு வண்டி தொலைவிலுள்ள மதுரைக்குள்ளிருந்து கிளம்பும்.

"பக்கத்துல வண்டிய வச்சுக்கிட்டு இங்கருந்து அனுப்புவியா? அது வர்ற வரைக்கும் திருவாதவூர்க்காரன் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா மாப்ள?"

முதலாளியிடம் அவரே போய், "இன்னும் ரெண்டு நாள் ஆகும்ணே. திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க" என்றார். வாங்கியும் கட்டிக்கொண்டார். நல்லவேளை, வேலை கைவிட்டுப் போகவில்லை. அவர் மேல் எனக்கிருந்த சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் டீக்கடையில் ஓர் ஈசிஜி தாளை என்னிடம் நீட்டினார். நெஞ்சு கரிக்கிறதே என்று போய்ப் பார்த்தாராம். "எல்லாம் நார்மல் மாப்ள."

"சும்மா படுக்க வச்சு எடுத்ததுதானே பாய்?"

"ட்ரெட்மில்ல நடக்கவிட்டும் பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதான் நார்மல்னு வந்துருச்சே, அது வேற எதுக்கு? எல்லாத்தையும் சந்தேகப்பட்டா வீட்டுல சோறு எறங்குமா?" என்று சிரித்தார்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஊரான் எழுதிய கோட் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர், தன் உடம்புக்கு வந்த பச்சையை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார்.

அடக்கத்துக்கு மறுநாள் அலுவலகத்தில் ஒரு டெஸ்ட் எழுதினேன். பச்சை வந்தது. அவர் வழக்கப்படி, அது சோதிக்கும் வரியை அழித்து ஓட்டினேன். சிவந்தது. "இப்ப நம்பலாம் மாப்ள" என்று சொல்லப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. அந்த வழக்கம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம்.

எனக்கு நெஞ்சில் ஒரு தொந்தரவும் இல்லை. ஈசிஜியும் நார்மல் என்றுதான் வந்திருக்கிறது. நாளைக் காலை ட்ரெட்மில் டெஸ்டுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.