மாடி வீட்டம்மா கொடுத்த இங்கிலீஷ்

எல்.கே.ஜி. சீட்டுக்குக் குழந்தையைவிட அம்மாவைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள் என்று ஸ்ரீரங்கம் முழுக்கப் பேச்சு. எண்பதுகளின் தொடக்கம். திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்த கான்வென்டில் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் குழந்தைக்கு இடமில்லை என்றார்கள். நான் பி.யு.சி. படித்தவள். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவேன். வாயைத் திறந்து பேசியதில்லை.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள் பி.ஏ. அவளுடைய பெண்ணுக்கும் என் மகள் வயதுதான். அதே பள்ளிக்குத்தான் அவளும் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒரு நாள் அவளாகவே இறங்கி வந்தாள், கிண்ணத்தில் மோர் மிளகாயோடு.

"நீங்க என்ன பண்றீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க. 'ஐ ஆம் சிம்ப்ளி அட் ஹோம்'னு சொல்லிடுங்க. சும்மா வீட்லதான் இருக்கேன், புள்ளைய நல்லா பாத்துப்பேன்னு அர்த்தம்."

"ஹவுஸ் வைஃப்னு சொன்னாப் போதாதுங்களா?"

"அதத்தான் எல்லாரும் சொல்றாங்களே. சிம்ப்ளி போட்டாத்தான் பேசுற மாதிரி இருக்கும்."

அவள் போனதும் அகராதியைப் புரட்டினேன். எளிமையாக என்று போட்டிருந்தது. எளிமையாக வீட்டில் இருப்பது எப்படி? தன் பெண்ணுக்கும் சீட்டு தேடுகிறவள் கூப்பிடாமலே வந்து எனக்கு ஏன் சொல்லிக்கொடுக்கிறாள்? மோர் மிளகாய் எதற்கு?

முகச் சவரம் செய்துகொண்டிருந்த கணவரிடம் கேட்டேன்.

"பி.ஏ. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"படிச்சவங்க. அதான் பயமா இருக்கு."

மறுநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஐ ஆம் சிம்ப்ளி அட் ஹோம், சிஸ்டர்." திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் என்ற இடத்தில் குரல் நடுங்கியது. அப்பாடா என்றிருந்தது. கடைசிப் புடவையை மடிக்கும்போது மாடி ஜன்னல் திறந்திருப்பது நினைவுக்கு வந்தது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொல்கிறாளோ?

இன்டர்வியூவுக்கு நாலு பேரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலத்தில் குழந்தைகள் ஜன்னலுக்குச் சண்டை போட்டன. அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது.

பள்ளியில் அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் என் காதோடு சொன்னாள்: "அதேதான் கேட்டாங்க. சொன்னேன். சிஸ்டர் சிரிச்சாங்க."

எந்தச் சிரிப்பு என்று கேட்பதற்குள் என்னையும் மகளையும் அழைத்துவிட்டார்கள்.

கேள்வி வந்தது. "ஐ ஆம்" என்றேன். அடுத்து 'சிம்ப்ளி' வர வேண்டும். அதை விழுங்கிவிட்டு "அட் ஹோம்" என்றேன். வீட்டில் யார் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அடுத்த கேள்வி. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. 'ஐ' என்பதா, 'மீ' என்பதா? விரல் மட்டும் என் நெஞ்சுக்கு நேராகப் போயிற்று.

"எங்கம்மாதான்," என்றாள் மகள், தமிழில். சிஸ்டர் ஏதோ எழுதினார். போச்சு என்று நினைத்தேன்.

முடிவு சொல்லும் நாளன்று மகளுக்குக் காய்ச்சல். என்னால் போக முடியவில்லை. சாயங்காலம் மாடி வீட்டம்மா வேர்க்க விறுவிறுக்க வாசலிலிருந்தே கத்தினாள்: "ரெண்டு பேருக்கும் கெடச்சிருச்சுங்க!"

நன்றி சொன்னேன். நம்பவில்லை. தன் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்கிறாளோ?

மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, எங்கே என்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு ஆங்கில வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே போனேன். பள்ளி ஆபீஸ் ஜன்னலில் அதைப் பாதிதான் சொல்லியிருப்பேன்.

"ஸ்ரீரங்கந்தானேம்மா?" என்றார் உள்ளே இருந்த அம்மாள். "நேத்தே ஒருத்தங்க வந்து கேட்டுட்டுப் போனாங்களே! அவங்க பொண்ணுக்கு முன்னாடி உங்க பொண்ணுக்குத்தான் கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் இருக்கு, போங்க."

திரும்பி வந்தபோது மாடி வீட்டம்மா குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கங்க, காலங்காத்தால?"

"அப்பளம் வாங்கப் போனேன்."

என் வெறுங்கையைப் பார்த்தாள். வாட்ச் பட்டையில் செருகியிருந்த பஸ் டிக்கெட்டையும் பார்த்தாள்.

"எங்க வீட்ல இருக்குங்க, தரேன்," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.