ஏமானுக்குக் கொண்டுபோன குலை

நிலத்துக்காரரை ஏமான் என்றுதான் சொல்ல வேண்டும். இரணியலுக்குத் தெற்கே அவருடைய தென்னந்தோப்பில் நாங்கள் பதினான்கு குடி. வேலை அவர் வயலில். கூரையும் ஓலை, சுவரும் ஓலைத்தட்டி. மண்சுவர் எழுப்பக்கூடாது; சுவர் நின்றுவிட்டால் மண்ணில் உரிமை கேட்போமாம். அந்தச் சித்திரையில் ஒரு வீட்டு அடுப்புப்பொறி தட்டியில் பிடித்து, ஏழு குடிசைகள் வெந்தன. என் மூத்த மகள் தூளியில் கிடந்தாள். கிணற்றடியிலிருந்து நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏமான் இரண்டு வண்டி ஓலை அனுப்பினார். தர்மமாம், தர்மம்!

அப்போது அடுத்ததைச் சுமந்துகொண்டிருந்தேன். இதையும் ஓலைக்குள் பெறமாட்டேன் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் சுவர் வைத்தால் இடித்து விரட்டுவார். பதினான்கிலும் ஒரே நாளில் வைத்தால் யாரை விரட்டுவார்? ஆவணியில் விளையும் கன்னிப்பூ நெல்லை யார் அறுப்பது? எல்லோரும் சம்மதித்தார்கள். அறுப்புக்கு முந்தின வாரம் மண் குழைத்தோம்.

கெடுத்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர். ஏமானிடம் சொல்லாமல் எங்கள் ஆட்கள் ஒரு கல்யாணம்கூட வைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில், நேந்திர வாழைக்குலையும் வெற்றிலையும் கொண்டுபோய் அவர் முற்றத்தில் வைத்து, நாளைக்குச் சுவர் வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஏமான் குலையை வாங்கிக்கொண்டார். மறுநாள் இடுப்பளவு எழும்பிய சுவர்களை அவருடைய ஆட்கள் மிதித்துத் தள்ளினார்கள்.

“ஏமானுக்க மண்ணுல்லா, சொல்லாம வெட்டலாமாட்டீ?” என்றார் வீட்டுக்காரர்.

“அந்த மண்ணுலதான் எனக்க பிள்ள வெந்து கெடக்கு. அதுக்கு ஏமான் யாருட்ட கேட்டாரு?”

அவர் மண்வெட்டியை எடுத்து, இடிந்த மண்ணை மறுபடி கட்டுவதற்கு ஒதுக்கிக் குவித்தார்.

அறுப்பு நாள் வந்தது. பதினான்கு வீட்டிலும் யாரும் அரிவாளைத் தொடவில்லை. வெளியூரிலிருந்து வந்த அறுப்புக்காரர்களை நாங்கள் பெண்கள் வரப்பில் மறித்து நடந்ததைச் சொன்னோம். அவர்கள் திரும்பிப் போனார்கள். முற்றிய நெல் வயலிலேயே உதிர்ந்தது. ஐந்தாம் நாள், கட்டிக்கொள்ளச் சொல்லி ஏமான் ஆள் விட்டார். இடித்ததைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை, மனுஷன்.

இளையவள் அந்தச் சுவருக்குள்தான் பிறந்தாள். அடுத்த ஓணத்துக்கு, வழக்கம்போல் ஏமானுக்குக் கொண்டுபோக வீட்டுக்காரர் குலை வெட்டித் தோளில் வைத்தார். நான் அதை வாங்கி, சுவரில் அடித்திருந்த முளையில் மாட்டினேன். இளையவளுக்குப் பழம் பிசைந்து ஊட்டினேன். முழுக்குலையையும் நாங்களே தின்றோம்.

மூத்தவள் இருந்திருந்தால் அவளும் தின்றிருப்பாள்.