தங்கச்சிக்குப் பின்னால் என்ன நிறம்

எழுபதுகளில் நான் வரைந்து கொடுத்த படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தால், காரைக்காலில் யாருக்கும் வீடு வாசலே கிடையாது, எல்லோரும் ஆகாயத்தில்தான் குடியிருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நெரவியில் நெல் விளைவிக்கிறவர் ஆகட்டும், திருமலைராயன்பட்டினத்து ஜவுளிக்கடைக்காரர் ஆகட்டும், முகத்துக்குப் பின்னால் வெளிர் நீலம். எனக்கு அது ஒன்றுதான் பிசகாமல் பூச வரும். பள்ளிக்கூடத்து டிராயிங் வகுப்பில் கற்றது போக மீதியை நானே தாள்களைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் கறுப்பு வெள்ளை போட்டோவைக் கொடுத்தனுப்புவார். அதைப் பார்த்துப் பெரிதாக வரைந்து வர்ணம் தீட்டிக் கொடுப்பேன். போட்டோவில் நிறம் தெரியாதில்லையா, அதனால் எல்லோருக்கும் கொஞ்சம் வெள்ளையைத் தாராளமாகவே கலந்துவிடுவேன். 'நான் இவ்வளவு சிவப்பு இல்லையே' என்று ஒருவர்கூடப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

என் தங்கை நல்ல கறுப்பு. அப்பாவை உரித்து வைத்தவள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் காலமாகிச் சில வருஷங்கள் கழித்து, தங்கைக்குப் பத்தொன்பது நடக்கும்போது, பிரான்சிலிருந்து கடுதாசி மூலமாக ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். பெண்ணின் கலர் படம் ஒன்று அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம வீட்டுலயே படம் போடுறவ இருக்கா. நல்லாப் பாத்துப் போடுடி. ஒந் தங்கச்சி வாழ்க்கை ஒங் கையிலதான் இருக்கு" என்றார். நல்லா என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாதா? இருக்கிற வெள்ளையெல்லாம் போட்டு, பின்னால் வழக்கமான ஆகாயத்தையும் பூசி, மூன்றே நாளில் முடித்துவிட்டேன்.

"மாதாவே, என்ன லட்சணமா இருக்கு!" என்றார் அம்மா.

தலை துவட்டிக்கொண்டே வந்த தங்கை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இது?"

"நீதான்டி."

"நானா? அப்ப கல்யாணத்தன்னிக்கி இவளையே கோயிலுக்கு அழைச்சிட்டுப் போங்க. நா வீட்டுல இருந்துக்கறேன்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கா, மூக்குக்கு மேல் கோபம். "போடி, நல்லது செய்யப் போனா என்னையே குத்திக் காட்டுறியா?" என்று கத்திவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு? இந்தப் படத்தை நம்பி வருகிறவன் முன்னால் போய் நிற்கப்போவது அவள்தானே.

இரண்டாவது படத்தை அவள் நிறத்திலேயே போட்டேன். பின்னால் அதே வெளிர் நீலம். கண்றாவி! அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது முகம். "பாத்தியா, இதுக்குத்தான் வெள்ளையக் கலந்தேன்" என்றேன், கொஞ்சம் வன்மமாகவே.

"எம் மூஞ்சில ஒண்ணும் கோளாறு இல்லக்கா. இப்பதான் கண்ணாடில பாத்துட்டு வரேன்."

முகத்தில் கோளாறு இல்லையென்றால் கோளாறு அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இது இத்தனை வருஷமாக என் மரமண்டையில் ஏறவே இல்லை. அவளை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் கொடி கட்டி, வீட்டிலிருந்த துணியையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். வெள்ளைப் படுக்கை விரிப்பு, என் மஞ்சள் சேலை, அம்மாவின் ரோஸ் சேலை. பின்னால் வெளிறிக்கொண்டே போகப் போக அவள் முகம் இருட்டிக்கொண்டே போனது. கடைசியில் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் பட்டாளத்துக் கம்பளியை எடுத்தேன். கரும்பச்சை, ஒரே பாச்சா உருண்டை வாசனை. அதைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால், அம்மாடி! கன்னத்து மேட்டில் செம்பு நிறம். காது மடலில் சிவப்பு. உதட்டுக்குக் கீழே நாவல் பழத்தின் ஊதா. கூடப் பிறந்தவளின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னக்கா அப்படிப் பாக்குற?"

"சும்மா இருடி. அசையாத."

அன்றிலிருந்து, உயிரோடு இருப்பவர்களை நேரில் உட்காரவைத்துப் பார்க்காமல் நான் படம் போடுவதில்லை. பின்னால் துணி மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் கண்டு சிலர் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது படம் அந்தக் கரும்பச்சையில் முடிந்தது. "பின்னாடி இப்படி இருட்டா இருந்தா எழவு வீட்டுப் படம் மாதிரி இருக்காதாடி?" என்று அம்மா அழுதார். அனுப்பினால் இதுதான், இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அம்மாவே சிலுவை போட்டுக்கொண்டு தபாலாபீசுக்கு எடுத்துப் போனார்.

ஒன்றரை மாதம் கழித்துப் படம் திரும்பி வந்தது, கூடவே நாலு வரிக் கடுதாசி. பையன் இன்னும் கொஞ்சம் நிறமாக எதிர்பார்க்கிறானாம், தப்பாக நினைக்க வேண்டாமாம்.

அம்மா தலையிலடித்து அழுதபடி என்னைப் பார்த்தார். "இப்ப நிம்மதியாடி ஒனக்கு?" எனக்கு அப்படியே செத்துப்போய்விடலாம் போலிருந்தது. ஒரு டப்பா வெள்ளையில் முடிந்திருக்கவேண்டிய காரியம்.

தங்கை கடுதாசியை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நல்லவேளைக்கா. அந்தச் செவப்புப் படத்த அனுப்பியிருந்தா, இதையே கல்யாணத்துக்கப்பறம் எங்கிட்ட நேர்ல சொல்லியிருப்பான். அதுவும் அந்த ஊருல. நா எங்க போயிருப்பேன்?"

அம்மாவின் அழுகை அப்படியே நின்றது. எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன், வேண்டாமென்று எழுதிய அந்தப் புண்ணியவானுக்கும் சேர்த்து.