செல்லையா அண்ணையின் கதியாலில் ஒரு சிவப்புக் கோடு

பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்தபோது, பயிற்சிக்காகச் சாவகச்சேரியில் எங்கள் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையை அகலமாக்கும் கற்பனைத் திட்டமொன்று வரைந்தேன். அளவுக்காக அயல்வீட்டுச் செல்லையா அண்ணையின் வேலிக்கு நட்டிருந்த கதியால் தடியொன்றில் சிவப்புக் கோடு போட்டேன்.

"உதென்ன தம்பி?"

"உங்கடை வளவுக்குள்ளாலை றோட்டுப் போகப்போகுது அண்ணை!"

பகிடிதான். அவர் சிரிக்காததைக் கவனிக்காமல் கொழும்புக்கு ரயிலேறிவிட்டேன்.

விடுமுறையில் வந்தபோது வேலியோரத்து நாலு பலாமரங்களும் இல்லை. அண்ணை கோடாலியோடு என்னை நோக்கி வந்தார். நகரத்தையே திட்டமிடப் படித்தவன், தப்பும் வழியைத் திட்டமிடாமல் வேலி பாய்ந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் கதியாலில் தொங்கியது. நான் நிலத்தில் கிடந்தேன்.

"ஏன்ரா ஓடுறாய்? கவண்மேந்து எடுக்கமுன்னம் பலாவை நானே தறிச்சுப்போட்டன். றோட்டு மாமரத்தடிக்கும் வருமோ? அதையும் தறிக்கட்டோ?"

உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. கோடாலியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

என் வரைபடத்துக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி. அதில் நானே எழுதியிருந்தேன்: 'வேலியோரப் பலாமரங்கள் பாதுகாக்கப்பட வேண்டும்.'

இப்போது அளக்கப் போனால், வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன பிறகுதான் கோடு போடுகிறேன். பகிடி விடுவதேயில்லை. மாமரம் இன்னும் நிற்கிறது. அண்ணை என்னோடு கதைப்பதில்லை.